ஒற்றைக்கால் கிளியின் குணநலன்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் கைடு கம்பெனியில் சேர்ந்த சில வாரங்களிலேயே அது காணாமல் போய், 'சுருக்கம்' என்பது ஒட்டிக்கொண்டது. கப்பல் கவிழ்ந்தாலும் சரி, காதலி செத்தாலும் சரி, பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் என்ன நடந்தாலும் அதைப் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் பிழிந்து கொடுப்பது அவன் வேலை. பிழிந்தபின் மிஞ்சும் சக்கையையும் வீணாக்க மாட்டான். அதில் இரண்டு மார்க் கேள்வி, கோடிட்ட இடம், பொருத்துக எல்லாம் தேறிவிடும்.

கம்பெனி என்பது டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். முதல் அறையில் முதலாளி. இரண்டாவதில் விற்காத கைடுகள் கூரை வரைக்கும். மூன்றாவதில் சுருக்கம். கீழே யாராவது காற்றடிக்க வந்தால் மேலே மேஜை அதிரும். கைடின் நீல அட்டையில் 'அனுபவமிக்க பேராசிரியர்கள் குழு உருவாக்கியது' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். அந்தக் குழு மத்தியானம் சாப்பிடப் போய்விட்டால் மூன்றாவது அறையில் ஆளே இருக்காது.

எதிர்வீதியில் இன்னொரு கைடு கம்பெனி இருந்தது. அங்கே குழு என்று ஒன்று கிடையாது, ஸ்கேனர் மட்டும் உண்டு. சுருக்கம் எழுதியதை அப்படியே வாரி, அட்டையை மட்டும் பச்சையாக்கி, ஒரு வாரத்தில் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை இங்கே ஒரு பக்கம் தலைகீழாக அச்சானது. அங்கேயும் அதே பக்கம் தலைகீழாக வந்தது.

"நாம தும்மினா அவன் மூக்கைத் துடைச்சுக்கிறான் தம்பி," என்று முதலாளி கொதித்தார். "இந்த வருஷம் விடக்கூடாது. பொறி வைப்போம்."

"என்ன பொறி சார்?"

"பாடத்துல இல்லாத சரக்கு ஒண்ணை உள்ள சொருகு. ஒரே ஒரு வரி. அவன் அதையும் அடிப்பான். 'பாடத்துல இல்லாதது உன் கைடுக்கு எப்படிடா வந்துச்சு'ன்னு கோர்ட்டுல கேட்டா பேந்தப் பேந்த முழிக்கணும்."

"பசங்க அதையும் மனப்பாடம் பண்ணிடுவாங்களே சார்?"

"பண்ணட்டுமே. பாடத்தைப் படிச்சவனுக்குத்தான் அது பொய்னு தெரியும். பாடத்தைப் படிக்கிறவன் நம்ம கைடை எதுக்கு வாங்கப் போறான்? ஆனா ஒண்ணு, வக்கீல் நோட்டீஸ் போற வரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணும். வாயைத் திறந்தே, நாளையிலேர்ந்து கீழ டயர் கடையில காத்தடிக்க வேண்டியதுதான்."

சுருக்கம் நாலாவது பாடத்தைத் தேர்ந்தெடுத்தான். நடுக்கடல் பாறை ஒன்றில் கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன். புயல் இரவில் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. தூரத்தில் ஒரு கப்பல் வருகிறது. கட்டிலை உடைத்து எரிக்கிறான், மேஜையை எரிக்கிறான், கடைசியில் கதவையும் பெயர்த்து எரிக்கிறான். கப்பல் பிழைக்கிறது. பாடத்தின் முதல் வாக்கியமே இதுதான்: 'அந்தப் பாறையில் காவலாளியைத் தவிர வேறு எந்த உயிரும் இல்லை.' கோர்ட்டில் நீதிபதி அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியம் இருக்காது. சுருக்கத்துக்கு அந்த இடம் பிடித்துப் போனது. பேனாவைத் திறந்து, 'காவலாளிக்குத் துணையாக ஒரு கிளி இருந்தது' என்று எழுதினான்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். முதலாளி கேட்டது ஒரு வரிதான்.

ஆனால் அவன் நிலைமையையும் பார்க்க வேண்டும். இத்தனை வருடமாக ஊரார் கற்பனையைச் சுருக்கிச் சுருக்கியே கை தேய்ந்தவன். சொந்தமாக ஒரு கொசுவைக்கூடப் படைத்தது கிடையாது. இப்போது முதல் முறையாக ஓர் உயிர், அவனுடையது, மேஜை மேல் வந்து உட்கார்ந்து அவனையே பார்க்கிறது. சும்மா விட மனம் வருமா? கிளிக்கு ஒரு காலை எடுத்தான். கப்பல் கயிற்றில் மாட்டிப் போன கால் என்று காரணம் கொடுத்தான். மழை வரும்முன் இருமும் பழக்கம் கொடுத்தான். 'ஒற்றைக்கால் கிளியின் குணநலன்களை விவரிக்க' என்று ஐந்து மார்க் கேள்வி போட்டு, 'அது குறைவாகப் பேசும், நிறைவாகச் சிந்திக்கும்' என்று பதிலும் எழுதினான். எழுதியபின் அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. கிராமர் பகுதிக்குப் போனாலும் கிளி விடவில்லை, பின்னாலேயே வந்தது. 'காவலாளி கிளிக்குத் தீனி கொடுத்தார், இதைப் பாசிவ் வாய்ஸில் மாற்றுக.'

ஒரு வாரத்தில் பச்சை அட்டையில் கிளி வந்தது. இருமல் உட்பட.

முதலாளி அன்று துள்ளிக் குதித்தார். வக்கீலைப் பார்க்க வெள்ளைச் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டார். அதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்தது. வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கேள்வித்தாள். அதைத் தயாரித்த ஆசிரியர்கள் குழுவும் அட்டைகளில் இருக்கும் குழுக்களைப் போன்றதுதான் போலிருக்கிறது. கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி எடுத்திருக்கிறார்கள். ஐந்து மார்க்குக்கு ஒற்றைக்கால் கிளி. பாசிவ் வாய்ஸில் கிளி. எஸ்ஸே பகுதியில், 'கிளி இல்லாவிட்டால் காவலாளி என்ன ஆகியிருப்பான்?'

முதலாளி வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"கேஸ் வேண்டாம் தம்பி. இப்பப் போய்க் கிளி பொய்னு சொன்னா, அவன் கைடோட சேர்த்து நம்ம கைடையும்தான் கிழிப்பாங்க. பரீட்சையிலயே வந்துடுச்சு. இனிமே அது நிஜம்."

சுருக்கத்துக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. வட்டாரத்தில் உள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காலையில், ஒரே மூச்சில், அவனுடைய கிளியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்! எழுத்தாளன் என்று மார் தட்டிக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? அந்தப் பூரிப்போடுதான், விடைத்தாள் திருத்தி வந்த அன்று சாயங்காலமும் வீட்டுப் படியேறினான்.

வீடு என்றால் அக்கா வீடு. மாடியில் இருந்த ஓர் அறைதான் அவனுக்கு. அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். வீட்டிலும் அதே வேலைதான், ஊசி மட்டும் இருக்காது.

"வாங்க ஐயா, வாங்க. இங்கிலீஷ் புலி வந்துட்டார்," என்றாள். "உன் மருமக இங்கிலீஷ்ல ஃபெயில்."

மேஜையில் விடைத்தாள் கிடந்தது. பக்கத்தில் குட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா மகள். பதினைந்து வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். அழுதிருந்தாள், ஆனால் அழுததை ஒப்புக்கொள்கிற முகமாக இல்லை.

சுருக்கம் விடைத்தாளைப் புரட்டினான். குணநலன் கேள்விக்குக் குட்டி எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இந்தப் பாடத்தில் கிளியே இல்லை. தயவுசெய்து முதல் வாக்கியத்தைப் படிக்கவும்.' பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை. பாசிவ் வாய்ஸ் கேள்விக்கு: 'இந்தச் சம்பவம் எந்த வாய்ஸிலும் நடக்கவில்லை.' இன்னொரு முட்டை. எஸ்ஸேயில், 'கிளி இல்லாவிட்டால் காவலாளி என்ன ஆகியிருப்பானோ, அதேதான் ஆனான்' என்று ஒரே வரி. அங்கே முட்டை பெரிதாக, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திப் போடப்பட்டிருந்தது.

"மிஸ்ஸையே பாடம் படிக்கச் சொல்லியிருக்கா," என்றாள் அக்கா. "நாளைக்கு நாம போய்ப் பேசலன்னா கவனிப்பு வகுப்புக்கு மாத்திடுவாங்களாம்."

கவனிப்பு வகுப்பு என்பது பள்ளியின் பின்புறம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய அறை. பாஸாக வழியில்லாதவர்கள் என்று பள்ளி முடிவு கட்டிய பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து, ஆண்டு முடியும்வரை கைடை மட்டும் சத்தமாக ஒப்பிக்க விடுவார்கள். பாடப்புத்தகம் உள்ளே போகக் கூடாது, குழப்பிவிடும்.

"மாமா," என்றாள் குட்டி. "நீங்கதானே எனக்குச் சொன்னீங்க, கைடைத் தொடாதே, பாடத்தைப் படின்னு?"

சொன்னான்தான். சமையல்காரன் தன் பிள்ளையை வேறு ஓட்டலுக்கு அனுப்புவதுபோல, தான் எழுதிய கைடு ஒன்றைக்கூட அவன் அந்த வீட்டுக்குள் விட்டதில்லை.

"பாடத்தை மூணு தடவை படிச்சேன் மாமா. கட்டில், மேஜை, கதவு எல்லாத்தையும் எரிக்கிறாரு. கிளி இருந்தா கூண்டைத்தானே முதல்ல எரிச்சிருப்பாரு? கிளி இருக்கா, இல்லையா?"

இந்த இடத்தில் ஒரு தாய்மாமன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சுருக்கம் அதைச் செய்யவில்லை. டயர் கடையின் காற்றுக்குழாய் கண்முன் வந்து போனது. அதற்குப் பின்னால் கிளி வந்து, ஒற்றைக்காலில் நின்று, இருமியது.

"அது... பாடப்புத்தகத்துல குறைச்சுப் போட்டிருப்பாங்கடா. ஒரிஜினல் கதையில கிளி இருந்திருக்கும்," என்றான்.

குட்டி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மா நரம்பு தேடும்போது பார்க்கிற பார்வை.

மறுநாள் மூவரும் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். எல்லாம் ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கியவை. இங்கிலீஷ் மிஸ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கைடு. அந்த நீல அட்டையைப் பார்த்ததும், ஊரில் பார்க்கக் கூடாத இடத்தில் சொந்தக்காரனைப் பார்த்துவிட்டவன்போல சுருக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"மார்க் போடப்பட்டிருக்கு. முடிவும் எடுக்கப்பட்டிருக்கு," என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

"யார் எடுத்தது சார்?" என்றாள் அக்கா.

"எடுக்கப்பட்டதும்மா."

"என் பொண்ணு பாடத்தைப் படிச்சிட்டுத்தான் எழுதியிருக்கா."

"அதுதாங்க பிரச்சனையே," என்றார் மிஸ். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மத்த பிள்ளைங்க எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்காங்க. போன மாசம் சேர்ந்த பொண்ணு, வகுப்புக்கே சரியா வரல, அதுகூட 'குறைவாகப் பேசும், நிறைவாகச் சிந்திக்கும்'னு அழகா எழுதியிருக்கு. எவ்வளவு ஆழமான வரி! நான் அதை நடத்துறப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

சுருக்கத்துக்குக் காது மடல் சூடானது. அந்த நேரத்தில் நன்றி என்று சொல்லிவிடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

குட்டி எழுந்து நின்றாள். "மிஸ், 'வேறு எந்த உயிரும் இல்லை'ன்னு முதல் வரியிலயே இருக்கே?"

"அதனாலதான்மா அது சிம்பல்! உயிரே இல்லாத இடத்துல கிளி இருக்குன்னா அதுக்கு என்ன அர்த்தம்? தனிமைதான் கிளி. ஒத்தைக் காலுன்னா? ஒருத்தனே நிக்கிறான். இதெல்லாம் மேலோட்டமாப் படிச்சா புரியாது."

"பாடத்துல காலும் இல்ல மிஸ்."

"பாடத்துல குறைச்சுப் போட்டிருப்பாங்க. ஒரிஜினல்ல இருக்கும்."

குட்டி மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தாள். நேற்று அவன் சொன்ன பொய் இன்று சேலை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

தலைமையாசிரியர் மேஜை மேல் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "கிளி இருந்ததுன்னும், தான் கவனிக்காம விட்டுட்டதாவும் எழுதி மன்னிப்புக் கேட்டா போதும். இல்லன்னா கவனிப்பு வகுப்பு."

"எழுத மாட்டேன்," என்றாள் குட்டி. அடங்கிய குரல்தான், ஆனால் அலமாரிக் கோப்பைகள்கூட நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது.

"குட்டி, எழுதித் தொலை," என்றாள் அக்கா.

"இல்லாததை இருக்குன்னு நான் எழுத மாட்டேம்மா."

சுருக்கம் எழுந்தான். எழுந்தபின்தான் தான் எழுந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது.

"கிளி கிடையாது சார். ஒரிஜினல்லயும் கிடையாது. அதை நான்தான் எழுதினேன்."

மிஸ் மடியிலிருந்த கைடைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எதை?" என்றார் தலைமையாசிரியர்.

"கிளியை. இந்தக் கைடை எழுதுறது நான். எதிர்வீதிக்காரன் காப்பியடிக்கிறானான்னு பார்க்க ஒரு பொறி வச்சோம். அதுதான் கிளி. கயித்துல மாட்டின காலு, இருமல், எல்லாம் என் கற்பனை. பிள்ளை எழுதினதுதான் சரி."

மிஸ் கைடின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"கதை விடாதீங்க சார். இதை எழுதினது பேராசிரியர்கள் குழு. நீங்க எந்தப் பேராசிரியர்?"

"நான்தாங்க குழு."

"பச்சைக் கைடுலயும் கிளி இருக்கே? ரெண்டு குழு சேர்ந்தா தப்புப் பண்ணுவாங்க?"

"அவங்க என்னைப் பார்த்துத்தாங்க..."

"கேள்வித்தாள்லயும் வந்திருக்கே? அப்ப கைடு தப்பு, இன்னொரு கைடும் தப்பு, கேள்வித்தாள் தப்பு, விடைக்குறிப்பு தப்பு, நீங்க ஒருத்தர் மட்டும் சரியா?"

"நான்தாங்க முதல் தப்பு. மத்ததெல்லாம் என்னைப் பார்த்துப் பண்ணின தப்பு."

தலைமையாசிரியர் கனிவாகச் சிரித்தார். மருந்து வேலை செய்யாத நோயாளியைப் பார்த்து டாக்டர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "மருமக மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக இப்படியா? 'குறைவாகப் பேசும், நிறைவாகச் சிந்திக்கும்.' இந்த மாதிரி வரியெல்லாம் எழுதறதுக்கு ஒரு மனசு வேணும் தம்பி."

சுருக்கம் வாழ்க்கையில் பல அவமானங்களைப் பார்த்தவன். ஆனால் தன்னுடைய வரியையே மேற்கோள் காட்டி, 'உன்னால் இதை எழுத முடியாது' என்று சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான்.

அவன் உளறியதில் ஒரு நன்மை விளைந்தது. இப்படி ஒரு மாமா இருக்கும் வீட்டில் பிள்ளை எப்படி உருப்படும் என்று மிஸ்ஸுக்குக் குட்டிமேல் இரக்கம் பிறந்தது. மன்னிப்புக் கடிதம் வேண்டாம், புதன்கிழமை மறுதேர்வு வைக்கலாம், ஒரே கேள்விதான் என்றார். கேள்வியும் அங்கேயே சொல்லப்பட்டது: 'ஒற்றைக்கால் கிளியைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுதுக.'

திரும்பும் வழியில் அக்கா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே நடந்தாள். "பேச வேண்டியப்போ பேசாம, பேசக் கூடாதப்போ பேசு. நீ சொன்னது நிஜம்னா நீ அயோக்கியன். பொய்னா பைத்தியம். எதுன்னு வீட்டுக்குப் போறதுக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லு."

"அயோக்கியன்தான்க்கா."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்று சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாயிற்றென்று பஸ் ஏறிப் போனாள்.

மாமாவும் மருமகளும் மட்டும் நடந்தார்கள். திருப்பத்தில் குட்டி நின்றாள்.

"ஒத்தைக் கால் எதுக்கு மாமா?"

"ரெண்டு கால் வச்சா யாருக்கும் ஞாபகம் இருக்காதுடா."

"இருமல்?"

"அது... சும்மா. பிடிச்சிருந்தது."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், வேண்டா வெறுப்பாக. பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

அந்தக் கேள்வியைச் சுருக்கம் சாய்ஸில் விட்டுவிட்டான்.

"நீ எப்படியாவது புதன்கிழமை கிளி இருக்குன்னு எழுதிடு குட்டி. அந்தக் கொட்டகைக்குப் போயிட்டா நீ பாடப்புத்தகத்தையே மறந்துடுவ."

"எழுதறேன்," என்றாள். "ஆனா பாடத்துல ஒரு வரிகூடப் பொய்யாகாத மாதிரி எழுதுவேன்."

புதன்கிழமை அவள் எழுதினாள். வெள்ளிக்கிழமை மிஸ் அதை மூன்று வகுப்புகளில் சத்தமாகப் படித்துக் காட்டினார். முழு மார்க். கவனிப்பு வகுப்பு ஆபத்து நீங்கியது. வீட்டுக்கு விடைத்தாள் வந்ததும் சுருக்கம் அதை வாங்கிப் படித்தான்.

ஒற்றைக்கால் கிளி காவலாளியுடன் பல வருடம் வாழ்ந்தது, குறைவாகப் பேசியது, நிறைவாகச் சிந்தித்தது, மழைக்கு முன் இருமியது என்று ஆரம்பித்திருந்தாள். கைடு மனப்பாடம் செய்தவள்போல் ஒரு சொல் பிசகவில்லை. இரண்டாவது பத்தியில் சரக்குப் படகில் ஒரு பூனை வந்து இறங்கியது. மூன்றாவது பத்தியில் பூனை கிளியைத் தின்றது. எம்பிப் பறக்கலாம் என்று கிளி நினைத்ததாம், ஆனால் ஒற்றைக்கால். நாலாவது பத்தியில் வயிறு நிறைந்த பூனை அதே படகில் ஏறித் திரும்பிப் போனது. 'இதற்குப் பிறகுதான் நம் பாடம் ஆரம்பமாகிறது. ஆகவேதான் ஆசிரியர், அந்தப் பாறையில் காவலாளியைத் தவிர வேறு எந்த உயிரும் இல்லை என்று எழுதினார்.'

கீழே மிஸ்ஸின் சிவப்பு மை: 'அருமை! இந்தக் கருத்து எந்தக் கைடிலும் இல்லை. ஒரிஜினலைத் தேடிப் படித்திருக்கிறாய்.'

"எப்படி?" என்றாள் குட்டி. "இப்ப ஒரு வரிகூடப் பொய் இல்ல பாருங்க."

"கொன்னுட்டியே," என்றான் சுருக்கம். "அந்தக் காலை நான் உனக்குச் சாதகமா இருக்கட்டும்னா எடுத்தேன்?"

"ரெண்டு கால் குடுத்திருந்தா தப்பிச்சிருக்கும். யார் பண்ணின வேலை அது?"

பூனை வேகமாகப் பரவியது. மிஸ் பக்கத்துப் பள்ளி மிஸ்ஸிடம் சொல்ல, அவர் தன் டியூஷன் பிள்ளைகளிடம் சொல்ல, முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் வந்த பச்சை அட்டைப் புதுப்பதிப்பில் 'பூனையின் வருகை, ஓர் ஆய்வு' என்று தனித் தலைப்பே இருந்தது. எதிர்வீதிக்காரர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டார்கள்.

முதலாளி பச்சைக் கைடை மூன்றாவது அறைக்குள் வீசினார். அது விசிறியில் பட்டு விழுந்தது.

"அவன்கிட்ட பூனை இருக்கு! நம்மகிட்ட ஏன் இல்ல? உன்னை எதுக்கு உட்கார வச்சிருக்கேன்? இன்னைக்கே நம்ம கைடுலயும் பூனை வரணும். அவனைவிடப் பெரிசா. இன்னொண்ணு, இவ்வளவு துணிஞ்சுட்டவனைச் சும்மா விடக்கூடாது. புதுசா ஒரு பொறி வை. இந்தத் தடவை கோர்ட்டுக்குப் போறது போறதுதான். வேற எவனும் சொந்த புத்தியில எழுத முடியாத மாதிரி, உலகத்துல யாருக்குமே தோணாத மாதிரி ஒரு விடை வேணும். புரியுதா?"

புரிந்தது. சுருக்கம் பேப்பரை எடுத்தான். முதலில் பூனையை எழுதினான். கையோடு 'கிளி பூனையால் தின்னப்பட்டது, செய்வினையாக மாற்றுக' என்று கிராமர் கேள்வியும் எழுதிவிட்டான். பூனைக்கு அவன் எந்தக் குணமும் கொடுக்கவில்லை. இருமல்கூடக் கிடையாது. கொலைகாரனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

பிறகு பொறிக்கு வந்தான். வேறு எவனும் எழுத முடியாத விடை. வட்டாரத்தில் யாருக்குமே தோணாத விடை. கீழே யாரோ லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு ஒற்றைக்கால் கிளியின் குணநலன் கேள்விக்குக் கீழே, 'அல்லது' என்று போட்டு, இரண்டாவது விடையை எழுதினான். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, மனப்பாடமாகவே இருந்தது.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "'இந்தப் பாடத்தில் கிளியே இல்லை. தயவுசெய்து முதல் வாக்கியத்தைப் படிக்கவும்.'" இன்னொரு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம் தம்பி! இதை எவனும் சொந்தமா எழுத மாட்டான். மாட்டினான் பய!"

அன்று சாயங்காலம் அச்சுக்குப் போகும் பக்கத்தின் பிரதி ஒன்றைச் சுருக்கம் வீட்டுக்கு எடுத்துப் போனான். அந்த வீட்டுக்குள் அவன் கொண்டுபோன முதல் கைடுப் பக்கம் அதுதான். குட்டி வாங்கிப் படித்தாள். தன் வாக்கியங்களைத் தடித்த எழுத்தில் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப அடுத்த வருஷம் யாராவது இப்படி எழுதினா மார்க் குடுப்பாங்களா மாமா?"

"பின்னே? முழு மார்க்."

"முதல் வாக்கியத்தை யாராவது படிச்சுப் பார்ப்பாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றான் சுருக்கம். "கைடுலயே இருக்கே."